பிறர் பொதியைப் பேணுதல்

பழைய ஏட்டைப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதுவோன் நூலாசிரியனும் அல்லன். வெறுங் கூலியாளனும் அல்லன். அவன் கை தவறின் நூல் திரியும்; அவன் கை ஓயின் நூல் அழியும். இவ்வுண்மையைத் தமிழ் கற்கும் நாம் சுவடிகளின் வரலாற்றால் நன்கறிவோம். இக்காலத்து மென்பொருளுக்கும் இத்தகைய பெயர்த்தெழுதுவோர் உளர் என்பதையும், அவர் பணி நம் வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் எழுத்தையும் தொடுவது என்பதையும் யான் சென்ற கோடை விடுமுறையில் அறிந்தேன். அறிந்தவாறு ஈண்டு எழுதுகின்றேன். கணினித் துறை பயிலாத மாணவன் எழுதுவதாதலின், அத்துறை வல்ல ஆசிரியர்கள் குறை பொறுப்பார்களாக.

1. சொற்றொகுதி ஒன்றின் கதை

என் பாட்டனார் ஸ்ரீவில்லிபுத்தூரிற் பள்ளித் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் இல்லம் இராஜபாளையத்தில் உள்ளது. இரண்டு ஊர்க்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவே தொலைவு. ஆயினும் இராஜபாளையம் பஞ்சாலைகளாற் பெயர் பெற்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலாலும் தேராலும் பால்கோவாவாலும் பெயர் பெற்றது. தொழில் வேறாதலின் சொல்லும் சிறிது வேறாம். நாள்தோறும் பேருந்திற் சென்று மீண்ட பாட்டனார், ஆலைக்குச் செல்லும் மகளிர் பேச்சிலும், பால் காய்ச்சுவோர் பேச்சிலும், சந்தைக்கு வருவோர் பேச்சிலும், அகராதிகளிற் காணாத சொற்களைக் கேட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் குறித்து வந்தார். இராஜபாளையத்து வழக்குக்கு முக்கோணக் குறியும், ஸ்ரீவில்லிபுத்தூர் வழக்குக்கு வட்டக் குறியும் இட்டார். சேர்ந்த சொற்கள் 1,140.

2001ஆம் ஆண்டில் அதனை அச்சிடக் கருதி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அச்சகத்திற் கணினியில் எழுத்துக் கோக்கச் செய்தார். கோத்து முடிய ஈராண்டாயிற்று. பொருள் முட்டுப்பாட்டால் நூல் அச்சேறவில்லை. கோப்பு ஒரு குறுந்தகட்டில் தங்கிற்று. பின்னர்ப் பாட்டனார் காலமானார். அவர்தம் கையெழுத்தேடுகளிற் பெரும்பாலன கறையானுக்கு இரையாயின.

சென்ற கோடையில் என் தாயார் அக்குறுந்தகட்டை என் கையிற் கொடுத்து, "தாத்தாவின் உழைப்பெல்லாம் இதற்குள்தான் இருக்கிறது. நீதான் தமிழ் படிக்கிறாயே, திறந்து பார்" என்றார். திறந்தேன். தமிழ் எழுத்து ஒன்றேனும் தோன்றவில்லை. ஐரோப்பிய எழுத்துக்களும், நாணயக் குறிகளும், மேற்புள்ளி பெற்ற உயிரெழுத்துக்களும் வரிவரியாகக் கிடந்தன. என் தாயார் சிறிது நேரம் பார்த்து நின்று, ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குட் சென்றார்.

மறுநாள் அவ்வச்சகத்திற்குச் சென்றேன். உரிமையாளர் முதியவர், பாட்டனாரை நன்கு அறிந்தவர். உள்ளறையிற் பழைய கணினி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் இயங்கியது விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளம்; அதனை ஆக்கிய நிறுவனம் 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாளோடு அதற்குத் திருத்தம் வழங்குதலை நிறுத்திவிட்டது. அதன்மேல் ஓடியது பேஜ்மேக்கர் என்னும் பக்கம் கோக்கும் மென்பொருள். அதன் இறுதிப் பெரும் பதிப்பாகிய ஏழாம் பதிப்பு 2001ஆம் ஆண்டினது. "அண்ணாச்சி, இன்னும் இதையா வைத்திருக்கிறீர்கள்?" என்றேன். "தம்பி, முப்பது வருஷக் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீசு எல்லாம் இதற்குள் இருக்கிறது. புதுப் பெட்டியில் இந்த எழுத்து ஏறமாட்டேன் என்கிறது. இது நின்றால் கடையும் நின்றது" என்றார் அவர்.

குறுந்தகட்டை அதில் இட்டவுடன் பாட்டனாரின் சொற்கள் தமிழாய் எழுந்தன. என் மகிழ்ச்சி நெடுநேரம் நிற்கவில்லை. எழுத்துக் கோத்தவர், முக்கோணமும் வட்டமும் அவ்வெழுத்துருவில் இல்லாமையால், வழங்காத இரண்டு எழுத்துக்களின் இடத்தில் அவற்றைத் தாமே வரைந்து வைத்திருந்தார். வேலை பாதியில் இருக்கும்போது பழைய கணினி மாறிப் புதிய கணினி வந்தது. அதில் அவர் குறிகளை மீண்டும் வரைந்தபோது இடம் மாற்றி வைத்துவிட்டார். எனவே, முன்னர்க் கோத்த பக்கங்களில் முக்கோணமாய் இருந்தது பின்னர் வட்டமாயிற்று. எப்பக்கம் முன்னது, எப்பக்கம் பின்னது என்பதற்குக் குறிப்பு ஒன்றும் இல்லை. அவரும் பல்லாண்டின் முன்பே ஊரை விட்டுச் சென்றுவிட்டார். சொல் கிடைத்தது, சொல்லின் ஊர் தொலைந்தது.

எஞ்சிய கையெழுத்தேடுகளோடு ஒப்பிட்டு முற்பகுதியையும் பிற்பகுதியையும் தெளிந்தேன். இடையே 312 சொற்கள் எவ்வூர் வழக்கு என்று அறியக்கூடாமல் நின்றன.

2. எழுத்து மாறியது எதனால்?

கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். எட்டுப் பிட் முறையில் 256 எண்களே உள. முதற் 128 எண்கள் ஆங்கிலத்திற்கும் கட்டளைகளுக்கும் உரியன. தமிழெழுத்தோ 247. ஆதலின் எழுத்துரு செய்தோர் கொம்பு, கால், சுழி முதலியவற்றைத் தனித்தனித் துண்டாக்கி, எஞ்சிய இடங்களில் தத்தமக்குத் தோன்றியவாறு வைத்தனர். ஒருவர் எழுத்துருவில் 'க' இருந்த எண்ணில் மற்றொருவர் எழுத்துருவில் 'து' இருந்தது. எழுத்துரு மாறின் நூல் முழுவதும் மாறும்.

இக்குழப்பத்தைத் தீர்க்க 1999ஆம் ஆண்டு பிப்ரவரியிற் சென்னையில் தமிழிணையம் 99 என்னும் மாநாடு கூடிற்று. தமிழ் 99 விசைப்பலகையும், தாப், தாம் என்னும் குறியேற்ற முறைகளும் அங்கே உருவாயின. உலகத் தமிழர் சிலர் இணையத்தின்வழிக் கலந்து திஸ்கி என்னும் முறையைக் கண்டனர். இவற்றுக்கு முன்பே, 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பு உலக மொழிகளோடு தமிழுக்கும் 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. விண்டோஸ் 2000 என்னும் இயங்குதளம் தமிழ் ஒருங்குறியை ஏற்றது. தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது.

ஒருங்குறியில் எழுத்து வைக்கும் வரிசையும் வேறு. பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கண்ணிற் காணும் வரிசையிலேயே கொம்பு, ககரம், கால் என மூன்றாய்ப் பதியும். ஒருங்குறியில் ககரம் முன்னும், ஒகரக் குறி பின்னுமாய், ஒலிக்கும் முறையில் இரண்டாய்ப் பதியும். ஆகவே, பழைய நூலைப் புதிய முறைக்குக் கொணர்வோன் எண்ணுக்கு எண் மாற்றினால் மட்டும் போதாது. கொம்பைப் பெயர்த்து மெய்யின் பின்னே வைக்கவும் வேண்டும்.

ஒருங்குறி வந்தபின் இடர் முடிந்தது என்பாரும் உளர். அஃது அன்று. 2019ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் பதிப்பிலேதான் முந்திரி முதலிய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளுமாக 51 தமிழ்க் குறிகள் சேர்ந்தன. அவற்றை அறியாத பழைய இயங்குதளத்தில் அவை வெறுங்கட்டங்களாகவே தோன்றும். தரமும் வளர்வது, தளமும் மாறுவது. இரண்டுக்கும் இடையே நிற்போர் ஒருவர் என்றும் வேண்டும்.

3. பொதியும் தளமும்

கணினியின் உறுப்புக்களை ஆண்டு, பிற மென்பொருள்களுக்கு இடந்தருவது இயங்குதளம். அது நிலம் போன்றது. அந்நிலத்தின்மேல் வந்து குடியேறும் எழுத்துரு, அகராதி, பக்கம் கோக்கும் கருவி முதலியவற்றைத் தளம் ஆக்கினோர் ஆக்குவதில்லை, பயன் கொள்வோரும் ஆக்குவதில்லை, மூன்றாமவர் ஆக்குவர். அம்மென்பொருளை நிறுவுதற்கேற்பக் கட்டி, அதற்கு வேண்டும் துணைகளையும் குறித்து வைத்த கட்டே பொதி எனப்படும்.

நிலம் ஈராண்டுக்கொருமுறை மாறுகின்றது; குடியின் உரிமையாளன் எங்கோ இருக்கின்றான். சிலகாற் சோர்ந்திருக்கின்றான், சிலகால் இறந்தும் விடுகின்றான். மாறிய நிலத்திற் குடியைச் சாயாமல் நிறுத்துவோனே பேணுநன். அவன் தளத்துக்கும் உரியனல்லன், மென்பொருளுக்கும் உரியனல்லன். இரண்டையும் அறிந்து இரண்டுக்கும் பொறுப்பேற்பவன்.

இப்பணி ஒழுங்குற நடைபெறும் இடங்களுள் ஒன்று டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளம். 1993ஆம் ஆண்டில் இயான் மர்டாக் என்பவர் தொடங்கிய இதனை, இன்று உலகெங்குமுள்ள தன்னார்வலர் நடத்துகின்றனர். அவர்தம் ஆண்டு மாநாடு 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் மலைக்கு மேற்கேயுள்ள கொச்சியிற் கூடிற்று. டெபியனை முதலாகக் கொண்டு சீடாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு ஆக்கியது பாஸ் லினக்ஸ். தமிழ்நாட்டரசு 2011ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தால் மாணவர் பெற்ற மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் அதுவும் இருந்தது. நன்னூலார் நூலை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுத்தார். அவ்வகையால் டெபியனை முதனூல் என்றும், பாஸ் லினக்ஸை வழிநூல் என்றும் கூறலாம். முதனூலிற் பேணுநர் ஒருவர் செய்த நன்மையும் தீமையும் வழிநூலைக் கற்கும் பள்ளி மாணவனையும் சென்று சேரும்.

டெபியன் பதிப்புக்களுக்கு டாய் ஸ்டோரி என்னும் படத்துப் பொம்மைகளின் பெயரை இடுவது வழக்கம். 2021இல் புல்ஸ்ஐ, 2023இற் புக்வோர்ம், 2025இல் ட்ரிக்ஸி வெளிவந்தன. புதிய பொதிகள் முதலிற் புகும் நிலைபெறாப் பகுதிக்கு, அப்படத்திற் பொம்மைகளை உடைக்கும் சிறுவனாகிய சிட் என்பான் பெயர். அங்கே சில நாட்கள் கொடிய வழுவின்றி நின்ற பொதி சோதனைப் பகுதிக்குச் செல்லும். பின்னர் எல்லாம் உறையவைக்கப்பட்டு நிலைத்த பதிப்பாகும். எனவே பேணுநன் ஒருவன் ஒரே பொதியைப் பழைய நிலைத்த பதிப்பு, புதிய நிலைத்த பதிப்பு, நிலைபெறாப் பகுதி என மூன்று நிலங்களில் ஒரே காலத்திற் காக்கின்றான்.

இவற்றையெல்லாம் எனக்குக் காட்டியவன் கிருஷ்ணன்கோயிலிற் பொறியியல் பயிலும் என் நண்பன். தமிழ் எழுத்துரு அடங்கிய பொதி ஒன்றைத் திறந்து காட்டினான். அப்போதுதான் அச்சகத்தில் நேர்ந்த பிழை எனக்கு முழுதும் விளங்கிற்று.

4. பேணுநர்க்குரிய ஐந்து நெறிகள்

யான் கண்டவற்றை ஐந்து நெறிகளாகத் தொகுத்துக் கூறுகின்றேன்.

முதல் நெறி, மூலத்தைத் தொடாமை. டெபியன் பொதியில் ஆசிரியர் வெளியிட்ட மூலக்கட்டு அவ்வாறே இருக்கும். பேணுநன் செய்யும் மாற்றங்கள் தனி அடைவில், ஒவ்வொன்றும் தனித்தனி ஒட்டாக இருக்கும். எவரும் ஒட்டை நீக்கி மூலத்தைக் காணலாம். உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது முதலாக ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளைக் குறித்து வந்ததும் இந்நெறியே. திருத்தியது இது, கிடைத்தது இது என்று பிரித்துக் காட்டாத திருத்தம், திருத்தமாயினும் தீங்கே.

இரண்டாம் நெறி, மாற்றத்துக்குக் காரணம் எழுதுதல். ஒவ்வொரு பொதியிலும் மாற்றக் குறிப்பேடு ஒன்று உண்டு. யார், எந்நாள், எதனை, எதன்பொருட்டு மாற்றினார் என்று அதில் எழுதப்படும். அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் திறமையற்றவர் அல்லர். இல்லாத குறியை வரைந்து சேர்த்த வல்லுநர். அவர் ஒரு வரி எழுதியிருந்தால் 312 சொற்களும் தம் ஊரை இழந்திரா.

மூன்றாம் நெறி, சார்பை அறிதல். மென்பொருள் தனித்து நிற்பதன்று. பல துணைகளைச் சார்ந்து நிற்பது. பைத்தான் என்னும் நிரல்மொழியின் இரண்டாம் வழிக்கு 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளோடு ஆதரவு முடிந்தது. 2023ஆம் ஆண்டின் டெபியனில் அவ்வழி அறவே இல்லை. அதனைச் சார்ந்த பொதிகளெல்லாம் மூன்றாம் வழிக்கு மாற வேண்டும். அன்றேல் நீங்க வேண்டும். மூன்றாம் வழியில் உரை என்பது இயல்பாகவே ஒருங்குறியாகும். தமிழ் உரையைக் கையாளும் கருவிக்கு இது நன்மையே; ஆயினும் பழைய முறையில் எழுதிய வரிகளை ஒன்றொன்றாய்ப் பார்த்து மாற்றியவர் பேணுநரும் ஆசிரியருமே. நன்மையும் தானாக வருவதில்லை.

நான்காம் நெறி, பழையதைப் பழையதாகவே காத்தல். நிலைத்த பதிப்பில் ஓட்டை ஒன்று தோன்றினால், பேணுநன் புதிய மென்பொருளைக் கொணர்ந்து திணிப்பதில்லை. புதியதிற் செய்யப்பட்ட திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய பதிப்புக்கேற்பத் தைத்துக் கொடுக்கின்றான். அச்சக அண்ணாச்சி போன்றார்க்கு வேண்டுவது புதுமையன்று. நேற்று ஓடியது இன்றும் ஓடுதலே. எனினும் இக்காவலுக்கும் எல்லை உண்டு. டெபியன் பதிப்பு ஒன்றுக்கு முதல் மூன்றாண்டுகளும், நீண்டகால ஆதரவாக மேலும் ஈராண்டுகளும் காவல் உண்டு. எல்லை முன்னரே அறிவிக்கப்படுவதால் மாற விரும்புவோர்க்கு நாள் கிடைக்கின்றது.

ஐந்தாம் நெறி, ஆசிரியரோடு பேசுதல். வழுவைக் கண்டு தன் பொதியில் மட்டும் திருத்திக்கொள்பவன் அரைப்பணி செய்தவன். திருத்தத்தை மூலாசிரியர்க்கு அனுப்பினால், அவர் அதன் சரி தவறு கூறுவர். பிற தளத்தாரும் பயன் பெறுவர். இந்நெறி பிறழ்ந்தமையால் விளைந்த கேட்டுக்குப் பெருஞ்சான்று ஒன்று உண்டு. மறைமொழிப் பாதுகாப்புக்குரிய ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் பொதியை 2006ஆம் ஆண்டில் டெபியன் பேணுநர் ஒருவர் சிறிது திருத்தினார். சோதனைக் கருவி ஒன்று சில வரிகளைக் குறைகூறியமையால் அவற்றை நீக்கினார். நீக்குமுன் மூலக்குழுவினரிடம் கேட்டும் இருந்தார். ஆனால் வினாவும் விடையும் ஒன்றையொன்று நேரே சந்திக்கவில்லை. நீங்கிய வரிகளே, இரகசியச் சாவிகளை எவரும் ஊகிக்க இயலாதவாறு ஆக்குவனவாய் இருந்தன. அதன்பின் பிறந்த சாவிகள் ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32,000 எண்ணிக்கைக்குள் அடங்கின, ஊகித்தல் எளிதாயிற்று. 2008ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் இது வெளிப்பட்டபோது, உலகெங்கும் உள்ளோர் தம் சாவிகளை மாற்ற நேர்ந்தது. பொருள் விளங்காத சொல்லைப் பிழையென்று கருதி நீக்கிய ஏடெழுதுவோனின் செயலை இஃது ஒப்பதன்றோ?

எனினும் அத்திருத்தம் தனியே பிரித்தறியுமாறு பதிவாகியிருந்தது. அதனால் எந்நாள் முதல் எப்பதிப்பு வரை கேடு என்பதை எல்லை கட்டிக் கூற முடிந்தது. பதிவு பிழையைத் தடுக்கவில்லை. ஆனால் பிழைக்குக் கரை அமைத்தது. நம் அச்சகத்துப் பிழைக்கோ கரை இல்லை.

5. ஒப்படைத்தல்

பேணுநர் பணியில் மிகக் கடியது அதனைப் பிறர் கையில் விடுதல். டெபியனில் ஒரு பொதியைத் தொடர இயலாதவர் அதனை அநாதை என்று வெளிப்பட அறிவிப்பர். விரும்புவோர் அதனைத் தத்தெடுக்கலாம். ஆனால் தத்தெடுப்போன் எத்தகையவன் என்பதையும் ஆராய வேண்டும். எக்ஸ்இஸட் என்னும் சுருக்கக் கருவியின் ஆசிரியர் பல்லாண்டு தனியே உழைத்துச் சோர்ந்திருந்தார். உதவியாளனாக வந்த ஒருவன் ஈராண்டுக்கு மேலாக நல்ல திருத்தங்கள் அளித்து நம்பிக்கை பெற்று, 2024ஆம் ஆண்டில் இரண்டு பதிப்புக்களில் இரகசியப் புழைக்கடை ஒன்றை வைத்தான். கணினிக்குள் நுழைய வழக்கத்தினும் அரை நொடி மிகுதியாவதைக் கண்டு ஐயுற்ற ஆந்திரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர், மார்ச் 29ஆம் நாள் அதனை வெளிப்படுத்தினார். டெபியனின் நிலைபெறாப் பகுதிக்கும் சோதனைப் பகுதிக்கும் நஞ்சு வந்திருந்தது. நிலைத்த பதிப்புக்கு வரவில்லை. தனித்து உழைப்பவன் சோர்வை எவரும் கேளாமை அக்கேட்டின் முதல் வாயில் என்பது என் கருத்து.

நல்ல ஒப்படைப்புக்குச் சான்று தேடித் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிற் பிறந்த பெரியாழ்வாரின் திருமொழிக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பெரியவாச்சான் பிள்ளை உரை எழுதினார். அவ்வுரையின் பெரும்பகுதி பிற்காலத்து மறைந்துபோயிற்று. 1370 முதல் 1443 வரை வாழ்ந்த மணவாள மாமுனிகள், மறைந்த பகுதிக்கு மட்டும் உரை வரைந்து, பழைய உரை எஞ்சி நிற்கும் இடம் வந்தவுடன் எழுதுகோலை நிறுத்தினார் என்று வைணவ மரபு கூறுகின்றது. முழுவதும் தாமே எழுதும் ஆற்றல் அவர்க்கு இருந்தது. எழுதியிருந்தால் தடுப்பாரும் இலர். ஆயினும் குறைந்த இடத்தை நிரப்பி, நிறைந்த இடத்தை விட்டார். எவ்வுரை யாருடையது என்பது இன்றும் மயங்காமல் நிற்கின்றது. சமயம் வேறாயினும், நூலைப் பேணுவோர் யாவரும் அவர்பாற் கற்கத்தக்கது இவ்வடக்கம்.

6. முடிவுரை

பாட்டனாரின் தொகுதிக்கு யான் செய்தது இது. நண்பனின் துணையோடு அப்பழைய எழுத்துருவின் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒருங்குறியில் நேரான எழுத்தைக் காட்டும் அட்டவணை ஒன்று ஆக்கினோம். கொம்புகளை இடம் பெயர்த்தோம். சொற்கள் 1,140உம் இன்று எக்கணினியிலும் தமிழாய்த் தோன்றுகின்றன. ஐயமான 312 சொற்களையும் எழுதிக்கொண்டு, இரண்டு ஊர்த் தெருக்களிலும் முதியோரைக் கேட்டேன். ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளியான ஒரு பாட்டி, பத்துச் சொற்களைக் கேட்டவுடனே சிரித்து, "இதையெல்லாம் எவன் எழுதி வைத்தான்?" என்றார். "என் தாத்தா" என்றேன். அவர் தம் பக்கத்தில் இடங்கொடுத்து என்னை அமரச் சொன்னார். இவ்வாறு 190 சொற்களின் ஊர் தெளிவாயிற்று. எஞ்சிய 122 சொற்களை அறிந்தார் எவரையும் யான் காணவில்லை. அவற்றுக்கு முக்கோணமும் இடவில்லை, வட்டமும் இடவில்லை, ஐயக்குறி இட்டுள்ளேன். ஊகித்து ஒரு குறி இட்டிருந்தால் தொகுதி நிறைவாகத் தோன்றும். ஆனால் பின்வருவோன் என் ஊகத்தைப் பாட்டனாரின் கேள்வி என்று எண்ணுவான்.

பழைய கோப்பு மாறாதபடி ஓரிடத்திலும், எழுத்துரு அதனருகிலும், அட்டவணையும் மாற்றக் குறிப்பும் அவற்றோடும் வைக்கப்பட்டுள்ளன. குறிப்பில் என் பெயரும் நாளும் யான் மாற்றியவையும் உள. நாளை ஒருங்குறியும் வேறாகலாம். அன்று இதனைத் திறப்போன் என் பிழையைக் கண்டு விலக்கிப் பாட்டனாரை அடையலாம்.

நம் கல்லூரி நண்பர்களுட் பலருடைய இல்லங்களிலும் இத்தகைய குறுந்தகடு ஒன்று கிடத்தல் கூடும். திருச்சபையின் பழைய ஆண்டறிக்கையோ, தந்தையார் இயற்றிய பாடலோ, ஊர்ச் சங்கத்தின் கணக்கோ அதில் இருக்கலாம். அதனைத் திறக்கவல்ல பழைய கணினி எங்கேனும் ஓர் அச்சகத்தின் உள்ளறையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அஃது ஓய்வதற்குள் சென்று, கோப்பையும் எழுத்துருவையும் ஒருங்கே படியெடுத்துக்கொள்வது நன்று. படியெடுத்த நாளையும் மாற்றியதையும் ஒரு வரி எழுதி வைக்க.

யான் திரும்பியபோது அண்ணாச்சி ஒரு வெற்றுத்தாளை நீட்டி, அவ்வெழுத்துருவில் எந்த எண்ணில் எந்தக் குறி இருக்கிறது என்பதை எழுதிக் கொடுக்குமாறு கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அவர் அதனைப் பழைய கணினியின் பக்கத்திலே ஒட்டி வைத்தார்.